கண்ணாடித் தகட்டில் ஒரு சான்று

கடையில் உள்ள படிக்கல்லின் எடையில் ஐயம் எழுந்தால், அரசு முத்திரையிட்ட படிக்கல்லோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பர். உயிரினங்களின் பெயர்களுக்கும் இத்தகைய அளவுகோல் உண்டு. புதிய உயிரினத்தைக் கண்டறிந்து பெயரிடும் அறிஞர், அப்பெயருக்குச் சான்றாக ஒரு மாதிரியைப் பாதுகாத்து வைக்கிறார். அது 'வகைமாதிரி' எனப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், பிறர் அதனைக் கண்டு தெளிவர்.

மீனாயின் ஆல்கஹால் நிறைந்த குடுவையில் வைக்கலாம். வண்ணத்துப்பூச்சியாயின் ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணியை எவ்வாறு வைப்பது? அதற்குக் கண்ணாடித் தகடே துணை. ஒரு துளிக் குருதியைத் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துவர், மெத்தனாலில் நிலைநிறுத்துவர், ஜீம்சா என்னும் சாயம் ஏற்றுவர். பின்னர் நுண்ணோக்கியில் ஒட்டுண்ணியின் உருவம் தெளிவாகத் தெரியும். எந்த உயிரியிடம், எந்த ஊரில், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்பதைத் தகட்டின்மேல் எழுதுவர். இக்குறிப்பு இல்லாத தகடு, முகவரி இல்லாத மடல் போன்றது.

ஒட்டுண்ணிகள் வளரும்போது உருவம் மாறுகின்றன. ஆகவே, அவற்றின் வெவ்வேறு பருவங்களைக் காட்டும் பல தகடுகளைச் சேர்த்து ஒரே வகைமாதிரியாகக் கொள்ளவும் பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் இடமளிக்கின்றன.

தகட்டின் பயனைச் சென்னையில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு விளக்கும். 1903ஆம் ஆண்டு சென்னை மருத்துவர் சார்லஸ் டோனவன், காலா அசார் என்னும் காய்ச்சலுற்றோரின் மண்ணீரலில் நுண்ணிய உருவங்களைக் கண்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் அவ்வுருவங்களைக் கண்டு அதே ஆண்டில் எழுதியிருந்தார். டோனவன் தம் தகடுகளைக் கடல் கடந்து அனுப்பினார். பாரிசில் அவற்றை ஆராய்ந்த லாவெரான், அவ்வுயிரியை ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு பேரினத்தில் சேர்த்தார். ரொனால்டு ராசோ, அது புதிய பேரினமே எனக் கருதி, இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயரிட்டார். அப்பெயரே இன்றும் வழங்குகிறது. வெறும் விளக்கம் மட்டும் சென்றிருந்தால், மற்றவர் தம் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய இயன்றிராது.

பெயரிட்டபின்னும் தகடுகளின் பணி முடிவதில்லை. போர்னியோத் தீவின் சரவாக் பகுதியில் பலருக்குப் 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்னும் மலேரியா ஒட்டுண்ணி இருப்பதாக மருத்துவர்கள் கருதிவந்தனர். நுண்ணோக்கியில் அதன் தோற்றமே காணப்பட்டது. ஆனால், மரபணுச் சோதனையில் அது குரங்குகளிடம் வாழும் 'பிளாஸ்மோடியம் நோலெசி' எனத் தெரிந்தது. இவ்வாய்வு 2004இல் வெளிவந்தது. முன்னது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். பின்னது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி, உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லது. இது புதிதாக வந்த நோயா, முன்பே இருந்ததா? 1996ஆம் ஆண்டின் பழைய தகடுகள் விடை கூறின. அவற்றில் உலர்ந்திருந்த குருதியைச் சோதித்தபோது, ஏறத்தாழ எல்லாவற்றிலும் நோலெசியே காணப்பட்டது. அத்தகடுகளை எவரேனும் குப்பையில் இட்டிருந்தால், இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

சாயம் காலப்போக்கில் மங்கும், கண்ணாடி உடையும். எனவே தகடுகளை ஒளி படாத பெட்டிகளில் வைப்பர். மரபணு ஆய்வுக்காக மாதிரியின் ஒரு பகுதியை ஆல்கஹாலில் காப்பர். 2000ஆம் ஆண்டு முதல், புதிய விலங்கினத்துக்குப் பெயரிடுவோர் வகைமாதிரி எந்தக் காப்பகத்தில் வைக்கப்படும் என்பதையும் கூறவேண்டும். இந்தியாவில் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் இத்தகைய மாதிரிகளைக் காத்துவருகிறது. கண்டவர் மறைவார், அவர் கண்டது, காண விரும்புவோர் அனைவருக்கும் எஞ்சி நிற்கவேண்டும்.

பயிற்சி

1. வகைமாதிரி என்பது யாது? அதனைப் பாதுகாப்பது ஏன்?
2. டோனவன் தகடுகளை அனுப்பியதால் விளைந்த பயன் யாது?
3. சரவாக்கின் பழைய தகடுகள் எந்த ஐயத்தைத் தீர்த்தன?
4. செயல்பாடு: நீங்கள் வாழும் ஊரில் உதிர்ந்த இலை ஒன்றை உலர்த்தித் தாளில் ஒட்டுக. அதன் பெயரைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதி, இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றையும் குறிப்பிடுக.