மூன்றாவது மாத்திரைக்கு முன்

அன்புள்ள தம்பி,

22 வயதுப் பெண்ணுக்கு 200/120 பி.பி., இரண்டு மாத்திரைக்கும் இறங்கவில்லை, மூன்றாவது எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுது, அந்த அளவை அப்படியே விடக்கூடாது. ஆனால் இந்த வயதில் ஏன் இவ்வளவு என்றும் கேட்க வேண்டும். சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்.

1934இல் க்ளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் பாதி இறுக்கினார். பி.பி. ஏறியது. வாய்க்கால் அடைத்திருப்பது தெரியாமல், அணையில் தண்ணீர் போதவில்லை என்று கூச்சல் போடும் கடைமடைக்காரரைப் போன்றதுதான் அந்தச் சிறுநீரகம். உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டதாக எண்ணி ரெனினைச் சுரக்கும். அதன் விளைவாக ஆஞ்சியோடென்சின் பெருகும். ரத்தக்குழாய்கள் சுருங்கும், உப்பு தேங்கும்.

நம் ஊரில் இளம்பெண் என்றால் டக்கயாசு தமனி அழற்சியை முதலில் நினை. இரண்டு கைகளிலும் பி.பி. பார். கைத்தமனியே சுருங்கியிருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அதனால் காலிலும் பார். தொடை நாடியைத் தொடாமல் அனுப்பாதே. பெருந்தமனிச் சுருக்கம் அங்கேதான் பிடிபடும். தொப்புளுக்கு மேலே இரு பக்கமும் ஸ்டெத்தை வைத்துக் கேள். இரைச்சல் கேட்டால் பெரிய துப்பு; கேட்காவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல. பிறகு இ.எஸ்.ஆர்., டாப்ளர், தேவையானால் சி.டி. ஆஞ்சியோ. அழற்சி இருந்தால் முதலில் ஸ்டீராய்டால் அதை அடக்க வேண்டும், பலூன் அதற்குப் பிறகுதான். தமனிச் சுவரின் நார்த்தசைக் கோளாறு என்றால் பெரும்பாலும் பலூனே போதும்.

வயதானவர்கள் கதை வேறு. அங்கே தமனியை அடைப்பது பெரும்பாலும் கொழுப்பு. பல வருடம் பீடி பிடித்தவருக்குக் கட்டுக்குள் இருந்த பி.பி. திடீரென்று எகிறும். இதயம் நன்றாகத் துடித்தும் நடுராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்து ஓடி வருவார். ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் சிறுத்திருக்கும். ராமிப்ரில் தொடங்கியதும் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இரு பக்கமும் அடைப்போ என்று சந்தேகப்படு. மாத்திரையை மட்டும் திட்டிவிட்டு விட்டுவிடாதே. கொழுப்பு அடைப்பு தெரிந்த உடனே ஸ்டென்ட் என்று துள்ளவும் வேண்டாம். 2014இல் வெளியான கோரல் ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சைக்கு மேல் ஸ்டென்ட் கூடுதல் பலன் தரவில்லை. மாத்திரைக்கு அடங்காதவர், அடிக்கடி நுரையீரலில் நீர் கோப்பவர் போன்ற சிலருக்குத்தான் அதை யோசிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் கர்ப்பமா என்று கேட்காமல் ராமிப்ரில் வகை எதையும் எழுதாதே. எழுதினால் இரண்டு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா