லோடிங் நேரம் எங்கே போகிறது?

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

கேம் திறக்க அநியாயத்துக்கு நேரமாகிறது, சில நாள் திறக்கும்போதே தானாக மூடிக்கொள்கிறது என்று சொன்னால், நம் ஊரில் உனக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். சர்வீஸ் கடையில் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பார்கள். நண்பன் "ரேம் ஏத்துடா" என்பான். வீட்டில் "மலையில நெட் அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். மூன்றில் ஒன்று சில சமயம் சரியாகவே இருந்துவிடும். ஆனால் யாரும் அந்த நேரம் எதில் செலவாகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

ஆதாரம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் 2015இல் பிசிக்கு வந்தது. அதற்குள் நுழைய ஐந்தாறு நிமிடம் ஆவது பலருக்கும் பழகிப்போயிருந்தது. சர்வர் மந்தம், டிஸ்க் மந்தம், கேம் பெரியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு நிரலாளர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓட்டினார். முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு டிஸ்க் சும்மா இருந்தது, நெட் ஏறக்குறைய சும்மா இருந்தது, கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை இல்லை. பிராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் ஓடியது. அது என்ன செய்கிறது என்று தோண்டியபோது கிடைத்தது கேமுக்குள் விற்கப்படும் பொருள்களின் பட்டியல்: 10 எம்பி அளவுள்ள எழுத்துக் கோப்பு, சுமார் 63,000 பொருள்கள். அதில் ஒவ்வொரு சிறு துண்டைப் படிக்கும்போதும், மீதிக் கோப்பின் நீளத்தைக் கடைசி எழுத்து வரை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது நிரல். போதாததற்கு, ஒவ்வொரு பொருளையும் சேர்க்குமுன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்னால் சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. கணக்குப் போட்டுப் பார், சுமார் 198 கோடி ஒப்பீடுகள். அந்தப் பட்டியலில் ஒரு பொருள்கூட இருமுறை வரவில்லை என்பதால் அத்தனையும் வீண். இரண்டையும் திருத்தியதும் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

அவர் நிரலாளர், நான் பள்ளி மாணவன் என்பாய். நியாயம்தான். ஆனால் அவர் எடுத்த முதல் அடிக்கு நிரல் அறிவு எதுவும் தேவைப்படவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் உனக்கும் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்துவிட்டு கேமை ஆரம்பி. லோடிங் முடியும்வரை டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் சிக்கல் டிஸ்க்கில். நெட் கோடு மேலேயே ஓடினால் ஏதோ அப்டேட் இறங்குகிறது. சிபியு 12, 13 சதவீதம் என்று காட்டினால் 'வேலையே இல்லையே' என்று ஏமாந்துவிடாதே. எட்டு பங்காகக் காட்டும் பிராசசரில் ஒன்று மட்டும் முழுதாக ஓடினால் மொத்தம் 12.5 சதவீதம்தான் தெரியும். வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

எஸ்எஸ்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் கோப்புகளைச் செகண்டுக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. எஸ்எஸ்டி அதை ஆயிரக்கணக்கில் எடுக்கும். ஆகவே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் தயங்காமல் வாங்கு. நிற்கவில்லை என்றால் அந்தப் பணம் வீண். சாட்டா எஸ்எஸ்டியைவிட என்விஎம்இ எஸ்எஸ்டி பல மடங்கு வேகம், ஆனாலும் பெரும்பாலான கேம்களில் லோடிங் வித்தியாசம் சில செகண்டுகள்தான். சுருக்கி வைத்த கோப்புகளைப் பிராசசர் விரிக்கும் வேகம் அங்கே குறுக்கே நிற்கிறது.

கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதற்கு என் எதிர்ப்பு இன்னும் கடுமையானது. 100 ஜிபி கேமை 20 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கப் பதினோரு மணி நேரத்துக்கு மேலாகும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அதுவும் பாதியில் நிற்கும். கேமை அழிக்கும்போது என்ன கெட்டது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ஒரு கோப்பு அரைகுறையாக நின்றிருந்தால், ஸ்டீமில் உள்ள 'வெரிஃபை' வசதி ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்து, கெட்டதை மட்டும் மறுபடி இறக்கும். அடுத்த மாதமும் அதே கோப்பு கெட்டால் டிஸ்க்கையோ கரண்டையோ சந்தேகிக்க வேண்டும். கரண்டுதான் காரணம் என்றால் புது கேம் எதுவும் காப்பாற்றாது, ஒரு சின்ன யுபிஎஸ் காப்பாற்றும்.

திறக்காமலேயே மூடிக்கொள்ளும் கேமுக்கும் இதே முறைதான், பார்க்கும் இடம்தான் வேறு. விண்டோஸ் தேடலில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும் பக்கத்தில், எந்தத் தேதியில் எந்த நிரல் எந்தக் கோப்பால் விழுந்தது என்று இருக்கும். விசிரன்டைம்140 போன்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை அவர்கள் தளத்திலிருந்தே போடு. அந்த ஒரு கோப்பை மட்டும் தருகிறோம் என்று கூப்பிடும் தளங்கள் பக்கம் போகாதே, வைரஸும் சேர்ந்து வரலாம். விண்டோஸில் உன் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் அதையும் கவனி. கோப்புறைப் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்தைக் கண்டால் திறக்க மறுக்கும் கேம்கள் இன்னும் இருக்கின்றன. அது உன் தவறல்ல, எழுதியவர்களின் அலட்சியம்.

கோளாறு கம்பெனியுடையது என்றால் நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 'ஸ்லோவா இருக்கு' என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'நான்கு நிமிடம் ஒரே கோர் ஓடுகிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது' என்று எழுதினால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். நேரத்தை அளக்கும்போது மட்டும் ஒன்றை மறக்காதே. ஒருமுறை திறந்த கேமின் கோப்புகளை விண்டோஸ் ரேமில் வைத்திருப்பதால் இரண்டாவது முறை பெரும்பாலும் சீக்கிரம் திறக்கும். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிய பிறகு வரும் முதல் முறையோ, ஷேடர்களைப் புதிதாகத் தயாரிப்பதால், வழக்கத்தைவிட நேரமாகும். ஆகவே ஒரே ஒரு மாற்றம் செய், ரீஸ்டார்ட் செய், கேமை ஒருமுறை திறந்து மூடு, மறுபடி ரீஸ்டார்ட் செய்துவிட்டு அளந்து தேதியோடு எழுதி வை. அதன் பிறகு அடுத்த மாற்றத்துக்குப் போ.

அன்புடன்,
உன் அண்ணன்