நல்ல சாம்பிள் தேடுவது எப்படி?

வீட்டுக் கம்ப்யூட்டரில் மெட்டுப் போடும் நமக்குத் தபேலா வாங்கக் காசு ஏது? சாம்பிள்தான் கதி. நான் தேடுவது ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியது. இலவசம்தான், ஆனால் மூன்றைக் கவனிக்கணும்.

1. ஃபார்மட்: வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் சி.டி. தரம். எம்.பி.3-ஐ வேவாக மாற்றினாலும் போன ஒலி திரும்பாது.

2. காது: ஹெட்போனில் கேளுங்க. பின்னால் ஃபேன் இரைச்சல், உரத்த இடத்தில் கரகரப்பு இருந்தா விட்டுடுங்க.

3. உரிமம்: 'சி.சி. ஜீரோ' என்றால் தாராளமாக எடுக்கலாம். 'அட்ரிப்யூஷன்' என்றால் பதிவு செய்தவர் பெயரைப் போடணும். 'நான்கமர்ஷியல்' என்றால் விற்கும் பாட்டில் சேர்க்கக் கூடாது.

இலவசம் வேறு, உரிமை வேறு. நாளைக்கு நம்ம பாட்டை வேறொருத்தர் எடுத்தா, நாமும் இதைத்தானே கேட்போம்!