படபடப்பு திரும்பாமலிருக்க

கேள்வி: வயது 54. எண்ணூரில் ஷிஃப்ட் வேலை. தாறுமாறான இதயத்துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்தார்கள். மறுபடி வராமல் தடுக்க முடியுமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பெருமளவு முடியும். முதலில், மதுவை அறவே விடுங்கள். 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் தொல்லை திரும்பியது. குடியை நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53. ‘சம்பள நாளில் மட்டும்’ என்ற கணக்கும் வேண்டாம்.

உங்கள் குறட்டையை வீட்டில் கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி தொடங்கினால் தூக்கப் பரிசோதனை அவசியம். பலரும் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

தொப்பை குறையட்டும். பிரஷர் இருந்தால் காசிமேட்டு மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள், கருவாடு வேண்டாம்.

துடிப்பு சீரானாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வாய் கோணினால், கை தளர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.