பிள்ளையை அய்யாவிடம் ஒப்புவித்தல்



மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் தாய் தகப்பனுக்கு உறக்கம் குறைவு. பிள்ளை யாரோடு சேருகிறான், கைப்பேசியில் என்ன பார்க்கிறான், பொதுத்தேர்வில் தேறுவானா என்ற கவலை ஓயாது. "அய்யா உண்டு" என்று வாய் சொல்லும், நெஞ்சோ நடுங்கும். அந்த நடுக்கத்தில் நாம் செய்யும் காரியங்களே பிள்ளையை நம்மிடமிருந்து விலக்கிவிடுவதும் உண்டு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். மகன் பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றுவிட்டான். மதிப்பெண் அட்டையில் தகப்பனார் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்தான். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அன்று இரவு தகப்பனார் கையை ஓங்கினார். அதன்பின் மகன் பேசவில்லை. ஞாயிறு பணிவிடைக்கு நிழல்தாங்கலுக்கும் வரவில்லை.

தாய், மகன் தேறினால் இன்னது தருகிறேன் என்று நேர்ந்துகொள்ள நினைத்தார். தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவர் தடுத்தார். "காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்று சொன்னவரிடமா விலை பேசுகிறாய், மக்களே? அவர் கேட்பது உன் பொறுமையை."

அகிலத்திரட்டு காட்டும் தகப்பனை நினைப்போம். கொல்லம் 1008 மாசியில், திருச்செந்தூர்க் கடலுக்குள், நாராயணர் தம் மகனாகிய வைகுண்டருக்கு விஞ்சை அருளினார். செய்ய வேண்டியதைச் சொன்னார். வரப்போகும் பாடுகளையும் மறைக்காமல் சொன்னார். பிறகு உலகுக்கு அனுப்பி வைத்தார். பாடுகளை முன்கூட்டியே நீக்கிவிடவில்லை. மகன் சாமிதோப்பில் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று கட்டம். சிங்காரத்தோப்புச் சிறையும் கண்டார். அங்கும் தகப்பன் சொல் அவரோடு இருந்தது.

இதில் பெற்றோருக்கு இரண்டு பாடம் உண்டு. விஞ்சை சொல்வது தகப்பன் கடமை. அதை விட்டுவிட்டு "எல்லாம் அய்யா பார்ப்பார்" என்பது நம்பிக்கை ஆகாது, சோம்பல். சொன்ன பிறகு பிள்ளை தன் காலால் நடக்க விடுவதும் கடமை. அவன் ஒவ்வோர் அடியையும் நாமே எடுத்து வைக்க முயல்வது அய்யாமேல் நம்பிக்கை இல்லாமையே. அய்யாவின் தவமே கட்டம் கட்டமாய் நிறைவேறியது என்றால், பதினாறு வயதுப் பிள்ளை ஒரு காலாண்டில் முழு மனிதனாகிவிட வேண்டும் என்று அவசரப்படலாமா?

அந்தத் தகப்பனார் மறு ஞாயிறு பள்ளியறை முன் நின்றார். கண்ணாடியில் தெரிந்தது அவர் முகமே. மகன் குற்றத்தைச் சொல்லி முறையிட வந்தவருக்கு, தாம் ஓங்கிய கை நினைவுக்கு வந்தது. மகனுக்குள்ளும் இருப்பது அதே அய்யா அல்லவா?

வீட்டுக்கு வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். "கையை ஓங்கினது என் தப்பு, மக்களே. ஏன் மறைச்சே?"

நெடுநேரம் கழித்து மகன் சொன்னான்: "கணக்கு எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே புரியலப்பா. சொன்னா படிப்பை நிறுத்திப் பால்வெட்டக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்தேன்."

பொய்யின் வேர் அச்சம் என்று தகப்பனார் அன்று அறிந்தார். ஆனாலும் பொய்யைப் பொய் என்றே சொன்னார். மறுநாள் இருவரும் ஆசிரியரிடம் போனார்கள். மகன் தன் வாயால் குற்றத்தைச் சொன்னான். தகப்பனார் அருகில் நின்றார். அரையாண்டில் மதிப்பெண் அதிகம் ஏறவில்லை. ஆனால் அட்டையைத் தானே கொண்டுவந்து தகப்பனார் கையில் கொடுத்தான்.

ஆகவே, அன்பானவர்களே, அந்திப்பொழுதில் விளக்கேற்றிப் பிள்ளைகளோடு உகப்படிப்பு படியுங்கள். படித்து முடித்ததும் மதிப்பெண்ணைக் கேட்காமல், அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். கோபம் வந்தால் அடக்கி, மறுநாள் பேசுங்கள். அண்டைவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். தன்னால் இயன்றதைச் செய்துவிட்டு, மீதியை அய்யாவிடம் விட்டுவிட்டு உறங்கப் போங்கள். பிள்ளையை நமக்குத் தந்தவர் அவர். நம்மைவிட அவனை அறிந்தவரும் அவரே.

அய்யா உண்டு.