முகிலைக் கணக்கிடப் போகும் மகளுக்கு



படிப்பு முடிந்தது, செயற்கை நுண்ணறிவைச் சூரிய மின்சாரத்தோடு சேர்த்து ஏதாவது செய்யவேண்டும், எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். முகிலில் தொடங்கு.

எங்கள் மட்டக்களப்பில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது; நகரத்துக் கூரைகளிலும் பெனல்கள் பெருகிவிட்டன. ஆனால் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் பிற்பகல் 3 மணிவரை கூரைப் பெனல்களை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டிக் கிடந்தால் கரண்டை யார் எடுப்பது? அதற்கு முன், பெப்ரவரி 9 ஞாயிறன்று, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்வெட்டில் தள்ளியது. உள்ளே புகுந்த ஒரு குரங்கின்மேல் பழி விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் மிகுந்து, கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. திடீர் அதிர்ச்சியைச் சில நொடிகள் தாங்கிப் பிடிப்பது அவற்றின் சுழற்சிதான். பெனலில் சுழல ஒன்றுமில்லை.

முகிலைக் கணிக்கும் உன் மென்பொருள் குரங்கைத் தடுக்காது. ஆனால் நாளை பதினொரு மணிக்குக் கூரைகளிலிருந்து எவ்வளவு வரும் என்று முதல்நாளே சொன்னால், எத்தனை சுழலிகளை ஓடவிடுவது, மாலைக்கு எவ்வளவு நீரைத் தேக்கி வைப்பது என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முடிவெடுப்பார். சின்னக் கூரைகளின் உற்பத்தி அவர் கண்ணுக்கு உடனுக்குடன் தெரிவதில்லை. இப்படி முன்கூட்டிச் சொல்வதற்கு மதிப்பு உண்டு: கூகுளும் டீப்மைண்டும் அமெரிக்காவில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணிநேரம் முன்கூட்டியே கணித்து, அந்த மின்சாரத்தின் மதிப்பை ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டியதாக 2019இல் அறிவித்தன.

வருடச் சராசரிப் பிழையைக் காட்டி மகிழ்ந்துவிடாதே. மாரியில் வாவிக்கு மேலால் முகில் ஏறிவரும் அந்த அரைமணி நேரத்தில் கணிப்பு எவ்வளவு பிசகியது என்று பார். கச்சான் வீசும் மாதங்களில் வானம் வெளித்திருந்தாலும், பெனலின் சூடு 25 பாகையைத் தாண்டினால் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். தூசியும் தன் பங்கைத் தின்னும். வேறு நாட்டுத் தரவில் பழகிய கணிப்பு மாதிரிக்கு இதெல்லாம் பிடிபடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒன்றும் மேற்கே படுவான்கரையில் ஒன்றுமாகக் கதிர்வீச்சுமானி வைத்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்துகொள்.

மாதிரியைச் சிறிதாகவே வை; பெரிய மாதிரிகள் மின்சாரத்தை விழுங்கும். உலகத் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தை எடுத்தன என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் பிறப்பிப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் அது. நமது மாவட்டத்துக் கூரைகளைக் கணிக்க ஒரு மடிக்கணினி போதும்.

கடைசியாக ஒரு பரீட்சை. ‘நாளையும் இன்றுபோலவே இருக்கும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பை உன் மாதிரிக்குப் பக்கத்தில் வை. செலவில்லாத அந்தக் கணிப்பை மாரி மாதங்களிலும் தெளிவாக வென்றால் மட்டும் கட்டுப்பாட்டு அறையின் கதவைத் தட்டு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர் ஒருவர்