பிக்கப் வண்டியில் ஸ்டெப்னிக்கு உரிய இடம் எது?

நெசவாளர் சங்கங்களும் விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களும் இன்று சொந்தமாகவோ வாடகைக்கோ பிக்கப் வண்டிகளை வைத்து நடத்துகின்றன. வண்டி வாங்கும் சமயத்தில் எஞ்சின், சுமைத்திறன், டீசல் செலவு ஆகியவற்றை நிர்வாகக் குழுவினர் நன்கு விசாரிக்கிறார்கள். ஐந்தாவது சக்கரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் அரியர். பாதி வழியில் டயர் வெடித்துக் கீரைக்கட்டு வெயிலில் வாடும்போதுதான் அக்கேள்வி எழுகிறது. அந்த நஷ்டமோ அங்கத்தினர்களுடையது.

ஸ்டெப்னி என்பது உண்மையில் ஒரு தெருவின் பெயர். ஆதிகால மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் ஒரு சாதனத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அது ஆரைக்கால்கள் இல்லாத, காற்றடைத்த டயருடன் கூடிய ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைப் பிடித்து இறுக்கிவிட்டுப் பிரயாணத்தைத் தொடரலாம். அச்சாதனம் மறைந்து நெடுங்காலமாகியும் பெயர் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. பிரேசில் நாட்டிலும் இதே சொல் சற்றுத் திரிந்து வழங்குகிறது.

இனி இடத்தைப் பார்ப்போம். சக்கரத்தைச் சரக்குத் தளத்தின் மேலேயே கிடத்திவிடுவது சிலர் வழக்கம். தளம் 2.5 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உடையதென்று கொள்வோம், பரப்பு 4.25 சதுர மீட்டர். 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் படுத்துக் கிடந்தால் ஏறக்குறைய அரை சதுர மீட்டரை அடைத்துக்கொள்ளும். அதாவது, தளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயிற்று. ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி நிமிர்த்தி நிறுத்திக் கட்டினால், 20 செ.மீ. கனத்துக்கு, முப்பதில் ஒரு பங்குதான் போகும். ஆயினும் மூட்டைகள் நிறைந்தபின் அதை எடுப்பதெப்படி? பாதிச் சரக்கைச் சாலையில் இறக்கவேண்டும். பட்டுச் சேலைகளும் சாயமிட்ட நூலும் ஏற்றும் சங்கத்துக்கு இது மேலும் ஆகாது. டயரின் கருமை துணியில் பட்டால் போகாத கறையாகும்.

ஓட்டுநர் அறையின் கூரைமேல் கட்டுவது காண்பதற்கு மிடுக்காக இருக்கலாம். இருபது கிலோவுக்கு மேற்பட்ட எடையை உச்சியில் வைத்தால் வளைவுகளில் வண்டி அதிகம் சாயும். அதனை ஒருவர் தனியே கீழே இறக்குவதும் அபாயம். நான் இதனைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் உற்பத்தியாளர் அமைப்பது பின்புறத் தளத்தின் அடியில்தான். இடம் மிச்சம், எடையும் தாழ்ந்திருக்கிறது. ஆனால் கண்ணில் படாத பொருள் கருத்திலும் இருப்பதில்லை. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் “ஸ்டெப்னி 1” என்று ஒழுங்காகப் பதிந்திருந்தது. இறக்கிக் காட்டுமாறு கேட்டேன். துருவேறிய சங்கிலியை மெக்கானிக் வந்து அறுத்த பின்னரே சக்கரம் தரைக்கு வந்தது. பதிவேடு மெய், பயன் பொய்!

ஆதம்பாக்கம் போன்ற இடங்களில் இந்தக் கவலை இரட்டிப்பாகும். பரங்கிமலை ரயில் நிலையத்தை அடுத்த குறுகிய தெருக்களில், கொட்டகை வசதியில்லாத வண்டிகள் இரவு முழுவதும் வெளியில் நிற்கின்றன. அடியில் தொங்கும் சக்கரத்தைத் திருடர் கழற்றாதிருக்கச் சங்கிலியும் பூட்டும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பகுதி இது. மழைக்காலத்தில் தேங்கும் நீர் முதலில் தொடுவது இந்தச் சங்கிலியையும் பூட்டையுமே. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் கிரீஸ் பூசுதல் அவசியம்.

மற்றொரு சிக்கலையும் கவனிக்கவேண்டும். சுமையேற்றிய வண்டியில் பின்சக்கரம் பஞ்சரானால் தளம் தாழ்ந்துவிடும். அடியிலுள்ள ஸ்டெப்னியை வெளியே இழுக்க இடைவெளி போதாது. முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கவேண்டும். அந்த ஜாக்கி மூட்டைகளுக்கடியில் இருந்தால் என்ன பயன்? ஜாக்கி, திருகுச்சாவி, பூட்டின் சாவி மூன்றும் ஓட்டுநர் அறையிலேயே இருக்கட்டும். மேலும், ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெருவழியில் வண்டியின் பின்னால் குந்தி வேலை செய்பவருக்கு, வேகமாய் வரும் லாரியிலிருந்து பாதுகாப்பு ஏது?

இக்காரணத்தால், முன்பின் அச்சுகளுக்கு இடையே, இடப்பக்கத்தில், தளத்துக்குக் கீழே தாங்கி அமைந்த வண்டி கிடைத்தால் அதுவே உசிதம் என்பது என் கருத்து. நாம் சாலையில் இடப்புறமாகச் செல்பவர்கள். ஆகையால் அப்பக்கம் நடைபாதைப் பக்கமாகும். ஆனால் டீசல் தொட்டியோ புகைக்குழாயோ அங்கே இருந்தால் இடம் இராது. இருக்கும் வண்டியில் புதிதாகத் தாங்கி பற்றவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் கண்ட அமைப்பினின்று வண்டி மாறுபடும்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பின்விளக்கையும் எண்பலகையையும் சக்கரம் மறைக்கவும் கூடாது.

எங்கே வைத்தாலும், காற்றைப் பின்சக்கரத்துக்குரிய அதிக அளவில் அடைத்து வையுங்கள். முன்சக்கரத்துக்கு மாற்றும்போது வேண்டிய அளவு வெளியேற்றிக் கொள்ளலாம். நடுவழியில் ஏற்றுவதற்குத்தான் வழியில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அவ்வெண்ணையும், சக்கரத்தை இறக்கிப் பார்த்த தேதியையும் மாதந்தோறும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஓட்டுநர் எழுத, காரியதரிசி கையொப்பமிடலாம்.